வெள்ளம் என்றால் தண்ணீர்

நாங்கள் மலையாளிகள். இதைச் சொன்னதும் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கேரளாவில் எந்த ஊர்? கேரளாவில் எங்களுக்கு எந்த ஊரும் இல்லை. ஜவ்வாது மலையில் பிறந்து, இங்கேயே சாமை விதைத்து, இங்கேயே புளி உலுக்கி, இங்கேயே செத்துப் போகிற ஜனம் நாங்கள். மலையில் இருப்பதால் மலையாளி. சர்க்கார் காகிதத்தில் எங்கள் இனத்தின் பெயரும் அதுதான். மற்றபடி எனக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியாது, அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் என்று இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் மனிதர்கள் கடைசியில் "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிடுவார்கள். தலையே இல்லாத ஒன்றிடம் இதை எப்படிச் சொல்வது என்று என் தம்பி மலேசியாவுக்குப் போன பிறகுதான் நான் முட்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டிபன் கடை இருக்கிறது. காலையில் இட்லி, பூரி. மதியம் அளவுச் சாப்பாடு. கடைக்கு ஆள் வருவது என் சாம்பாருக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. உண்மையில் சுவரில் வரிசையாகப் பதித்திருக்கிற பிளக் பாயிண்டுகளுக்காகத்தான் வருகிறார்கள். உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களில் டவர் எடுக்காது, கரண்டும் சொல்லிக்கொண்டு வராது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள் போனைச் சொருகிவிட்டு, ரெண்டு இட்லியை வைத்துக்கொண்டு, சார்ஜ் ஏறுகிற வரைக்கும் பேசுவார்கள். போனைப் பற்றி இந்த மலையில் யாருக்கு என்ன அபிப்பிராயம் என்று கேட்டால் நான் வரிசையாகச் சொல்லுவேன். சைனா போன் சூடாகும், ஆனால் டார்ச் நன்றாக எரியும் என்பார் ஒருவர். அப்டேட் போடுவதே பழைய போனைச் சாகடித்துப் புதுசு வாங்க வைக்கத்தான் என்பார் இன்னொருவர். பட்டன் போன்தான் போன், அதைச் சாமை மூட்டைக்குள் போட்டு மறந்துவிட்டாலும் நாலு நாள் கழித்து மணியடிக்கும் என்று மூன்றாவது ஆள் சத்தியம் செய்வார்.

எனக்குப் போன் மேல் கோபம் இல்லை. அது ஒரு சாமான். விழுந்தால் உடையும், உடைந்தால் உடைந்தது கண்ணுக்குத் தெரியும். என் கோபமெல்லாம் அதற்குள் குடியிருக்கிற ஆப்புகள் மேல்தான். தமிழில் அதற்கு வாய்த்த பெயரைப் பாருங்கள். உள்ளே எதுவும் ஓடாதபோதுகூட அது மரியாதையாகத்தான் பேசும். "பின்னர் முயலவும்" என்று வந்ததைப் படித்துவிட்டு, புளி மூட்டையோடு இறங்கிய ஒரு பெரியவர் என்னிடம், "இதுல முயலு எங்கம்மா வந்துச்சு?" என்று கேட்டார். அவருக்கு ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. நான் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரித்ததற்காக அவருக்கு ஒரு டீ கொடுத்தேன்.

என் தம்பி எனக்கு ரொம்ப இளையவன். ஐடிஐயில் பிட்டர் படித்தவன். இங்கே படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளைகளுக்கு இருக்கிற வழிகள் எல்லோருக்கும் தெரியும். கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், இல்லையென்றால் திருப்பூர். இன்னொன்றும் உண்டு. ஆந்திராப் பக்கம் காட்டில் மரம் வெட்டுவதற்கு வண்டி கொண்டுவந்து ஆள் சேர்ப்பார்கள். அதில் போனவர்களில் சிலர் ஜெயிலில் இருக்கிறார்கள், சிலர் திரும்பி வரவே இல்லை. அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொன்னவன் என் தம்பி. அதனால் மலேசியாவில் ஒரு தொழிற்சாலை, போனுக்குள் வைக்கிற கேமராக் கண்ணாடி செய்கிற இடம், ஐடிஐ படித்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் முதலில் போகச் சொன்னேன்.

எல்லாம் ஆப்பில்தான். அவன் என் கடையில், பிளக் பாயிண்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினான். பெயர், வயது, உயரம், எடை, கண்ணாடி போடுவீர்களா. பிறகு எந்தச் சமூகம் என்று ஒரு பெட்டி. கண்ணாடி துடைக்கப் போகிறவனிடம் அது எதற்கு என்று எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது. அவன் உள்ளதை உள்ளபடி மலையாளி என்று போட்டான். உடனே அதற்குக் கீழே தாய்மொழி என்கிற பெட்டி தானாகவே நிரம்பிக்கொண்டது. மலையாளம். அவன் அதை அழித்தான். அது திரும்ப வந்தது. மறுபடி அழித்தான், மறுபடி வந்தது. அப்புறம் எழுத்து சாம்பல் நிறமாகி, தொட்டாலும் அசையவில்லை.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். "சேட்டா, ஒரு சாயா எடுக்கட்டா?" என்று நானே கேட்டேன். ஆலங்காயத்திலிருந்து வந்து கடைகளுக்குப் பிஸ்கட் போடுகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டான். அவர் ஸ்பீக்கரில், "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்ல தம்பி. மலேசியால தடுக்கி வுழுந்தா தமிழன் மேலதான் வுழணும். போய் வாயத் தொறந்தா தெரிஞ்சிடப் போவுது" என்றார். எங்களுக்கும் அது சரி என்றுதான் பட்டது. அவன் அடுத்த பெட்டிக்குப் போனான்.

போய்ச் சேர்ந்த வாரத்தில் அவன் வீடியோவில் வந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது. தங்குமிடம் சுத்தமாக இருக்கிறதாம். சோறு கிடைக்கிறதாம். தெருவில் தமிழ்ப் போர்டு இருக்கிறதாம். வேலை எடுக்கும் முன்னால் பாதுகாப்பு வகுப்பு உண்டு, அதன் முடிவில் ஒரு பரீட்சை, அதில் தேறினால்தான் மெஷினில் நிற்கலாம் என்றான். அதற்கு அடுத்த தடவை வந்தபோது அந்தப் பல்லைக் காணோம்.

வகுப்பு அவரவர் தாய்மொழியில் நடக்கிறது. அந்தத் தொழிற்சாலைக்கு அதில் ரொம்பப் பெருமையாம், வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய அறை. ஒரு வாத்தியார் நின்று, பாட்டிலைக் காட்டி, கையுறையைக் காட்டி, ஜோக்கடித்துச் சொல்லிக் கொடுக்கிறார். மலையாளத்துக்கு அந்த முறை வேறு ஆள் இல்லை. என் தம்பி ஒருவன்தான். அவனுக்கு அந்த அறைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை, பெரிய போன் மாதிரி ஒரு டேப், காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். ஹெட்போனைக் கழற்றினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் கேட்கும். அந்த வாத்தியார் சொல்வதற்கு எல்லோரும் சிரிப்பது கேட்கும். ஹெட்போனைக் கழற்றினால் டேப் நின்றுவிடும், அட்டெண்டன்ஸ் ஏறாது. ஆகவே அவன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ சொல்லலியாடா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்க்கா. சூப்பர்வைசரே தமிழ்க்காரருதான். தமிழ்லதான் சொன்னேன். அவுரும் தமிழ்லதான் பதில் சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"நீங்க பேசறது எனக்கு நல்லா புரியுது தம்பி, ஆனா சிஸ்டத்துல மலையாளம்னு இருக்கேங்கறாரு."

ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம், தமிழிலேயே, உனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். அந்த ஆள் மேல் கோபப்படுவதா, பாவப்படுவதா? அவர் மாற்றி உட்கார வைத்தால் அவர் பேரில் தப்பு ஏறுமாம். அந்தத் தொழிற்சாலையில் கண் இருக்கிற மனிதர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஒருவர் கண்ணில் படுகிறதைவிட டேப்பில் எழுதியிருப்பதுதான் அங்கே நிஜம்.

பரீட்சையும் மலையாளத்தில்தான். அவன் படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டான், தேறவில்லை. தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தேறாதவர்களுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. கண்ணாடித் தட்டுகளை ஒரு திராவகத்தில் முக்கிக் கழுவி எடுக்கிற இடம். மெஷின் கிடையாது, கைதான். அதற்குப் பரீட்சை தேவையில்லை. பாதுகாப்புப் பரீட்சையில் தேறாதவனைத்தான் பாதுகாப்பில்லாத வேலைக்கு அனுப்புகிறார்கள். சிஸ்டத்தில் மொழி மாறினால்தான் திரும்பப் பரீட்சை எழுதி அங்கிருந்து வெளியே வரலாம்.

ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டே பேசினான். கரண்டியால் சோற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டான். நான் கிண்டல் செய்தேன். "இன்னாடா, தொர ஆயிட்டியா? கை இன்னா ஆச்சு?" என்று. இங்கே எல்லோரும் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டு அவன் போனைக் கொஞ்சம் மேலே தூக்கினான். என் தம்பி சாமைச் சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் எறிகிற வேகம் எனக்குத் தெரியும். கையைக் காட்டுடா என்றேன். காட்டவில்லை. இப்போது காட்டவில்லை என்றால் கடையை மூடிவிட்டுப் புறப்பட்டு வருவேன் என்றேன், ஏதோ மலைக்குக் கீழே செங்கத்தில் இருக்கிறவனிடம் சொல்கிற மாதிரி. காட்டினான். வலது கை விரல்களில் தோல் வெந்து, ஓரம் சுருண்டு, உள்ளே சிவப்பாக இருந்தது.

கையுறைக்குள் திராவகம் புகுந்துவிட்டதாம். துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறான்.

"தண்ணி ஊத்திக் கழுவலியா?"

"கழுவணும்னு எனக்கு யாருக்கா சொன்னா?"

அங்கே இருக்கிற மருந்தறையில் ஒரு களிம்பு கொடுத்துவிட்டு, டேப்பைத் திறந்து அவனுக்கே காட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பு அறிவிப்பு தாய்மொழியில் வழங்கப்பட்டது, முழுவதுமாகக் கேட்டார் என்று பச்சை நிறத்தில் ஒரு டிக். ஆகவே தப்பு அவனுடையது.

அந்த அறிவிப்பை எனக்கு அனுப்பச் சொன்னேன். பரீட்சைக்கு முன்னால் யாரிடமாவது அர்த்தம் கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் வகுப்பிலேயே ஹெட்போன் பக்கத்தில் போனை வைத்துப் பதிந்து வைத்திருந்தான், கேட்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. என் கடைக்கு வருகிற ஒரு லாரி டிரைவர் பலாப்பழமும் புளியும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்வருகிறவர். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் போனை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெண் குரல், ரேடியோக்காரி மாதிரி இனிமையாகப் பேசியது. அதில் "உடனே வெள்ளம் கொண்டு கழுகணம்" என்று ரெண்டு தடவை அழுத்திச் சொன்னது.

"இதான்க்கா எனக்குக் கொழப்பம்" என்று தம்பி தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தான். அதையும் போட்டேன். "வெள்ளம்னு சொல்றா, கழுகுன்னு சொல்றா. கடல் பக்கத்துல ஊரு. வெள்ளம் வந்தா மாடிக்கு ஏறிடணும்னு சொல்றாளாட்டம்னு நெனச்சேன். பரீட்சைலயும் மாடிப்படி படத்தத்தான் அமுக்கினேன்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சொன்னால் வெட்கம், நானும் சிரித்தேன். வெள்ளத்தில் கழுகு பறக்கிறதாக அவன் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "வெள்ளம்னா அவங்க பாஷைல தண்ணிக்கா" என்றார். "மேல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்கன்னு சொல்றாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவு. இதைச் சொல்ல ஒரு பாஷை வேண்டுமா? ஒரு ஆள் வந்து குழாயைக் காட்டிக் கையை ஆட்டியிருந்தால் போதும், என் தம்பிக்கு என்ன, ஊமைக்கும் புரிந்திருக்கும். அதற்கு மனிதனை வைக்காமல் மெஷினை வைத்தார்கள். மெஷின் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டேன்.

அன்றைக்கும் கடையில் இருந்த பிஸ்கட்காரர் அப்போதும் விடவில்லை. "கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுங்க. போட்டவங்க தப்பா போட்டா அது இன்னா பண்ணும்?" என்றார் மற்றவர்களிடம். இந்தப் பேச்சைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. எங்கே போனாலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். ரேஷன் கடையில், பாங்கில், ஆஸ்பத்திரியில் எந்தக் கோளாறு வந்தாலும் மெஷினுக்கு வக்காலத்து வாங்க வருத்தப்படாத வாலிபர் ஒருவர் முந்திக்கொண்டு வருவார். என் தம்பி தப்பாகப் போடவில்லை. சரியாகப் போட்டான். சரியாகப் போட்டதுதான் வினையாகிவிட்டது. இதை அவரிடம் கத்தியே சொன்னேன். அவர் அந்த வாரம் பிஸ்கட் போடாமல் போய்விட்டார்.

ஆப்பில் உதவிக்கு என்று ஒரு நம்பர் இருந்தது. தம்பியின் பழைய சிம் என்னிடம்தான் இருந்தது. அதைப் போட்டுக் கூப்பிட்டேன். நம்பரைப் பார்த்ததும் கூப்பிடுவது தம்பிதான் என்று சிஸ்டத்துக்குத் தெரிந்துவிட்டதாம், நேராக ஒரு மலையாளப் பெண்ணிடம் கொண்டுபோய் விட்டுவிட்டது. நான் தமிழில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும், பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ரொம்ப வருத்தத்தோடு, "சேச்சி, எனிக்கு மாற்றான் பற்றில்லா" என்றாள். பற்றில்லையாம். "யாருக்குத்தான் பற்று இருக்குது எங்க மேல?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். தன்னால் மாற்ற முடியாது என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று டிரைவர் பிறகு சொன்னார். அந்தப் பெண்ணிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் கத்துவதற்கு வேறு யாரையும் அவர்கள் எனக்குக் காட்டவில்லை.

ஒருநாள் கடையை அடைத்துவிட்டு, போளூர் இறங்கி, வேலூருக்குப் போனேன். ஏஜென்சி ஆபீஸ் மாடியில் இருந்தது. ஏசி போட்டிருந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மேடம் என்று கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். நான் முடித்ததும் நிமிர்ந்து, நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னாள்.

"நீங்க தமிழ் ரொம்ப நல்லா பேசறீங்க மேடம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் தம்பியின் கை கண்முன்னே இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னேன். மலையாளி என்றால் மலையில் இருக்கிறவர்கள். இது ஒரு பழங்குடிக்குப் பெயர். சர்க்கார் கொடுத்த சர்டிபிகேட் இருக்கிறது. அவள் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு முகம் மலர வந்தாள். வழி இருக்கிறதாம், ரொம்பச் சுலபமாம்.

"தாய்மொழிய மட்டும் மாத்த முடியாது மேடம். அது மேல இருக்கறத வெச்சுதான் வருது. அதனால உங்க தம்பி அவரோட ஆப்ல போய், தான் மலையாளி இல்லன்னு ஒரு உறுதிமொழி குடுத்துட்டா போதும். எல்லாம் க்ளியர் ஆயிடும்."

அந்த உறுதிமொழியை எனக்குக் காட்டினாள். நான் மலையாளி அல்ல, முன்பு தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டேன் என்று அதில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. கீழே பச்சைப் பொத்தான்.

தவறுதலாக. எங்கள் அப்பா அந்தப் பெயரைக் காகிதத்தில் வாங்குவதற்குப் பட்ட பாடு இவர்களுக்கு என்ன தெரியும்? கீழே ஓர் ஆபீஸில், மலையாளி என்கிறாயே, எங்கே மலையாளத்தில் ரெண்டு வார்த்தை பேசு பார்க்கலாம் என்று அவரை நிற்க வைத்துச் சிரித்தார்கள். அவர் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, மலையில் பிறந்தவன் மலையாளி, மலையாளம் பேசுகிறவன் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றார். அனுப்பினால் போய்விட்டு மறுபடி வந்து நின்றார். கடைசியில் அதிகாரிகள் ஊருக்கே வந்து, எங்கள் சாமியைப் பார்த்து, எங்கள் வீட்டைப் பார்த்து, கல்யாணம் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் என் தம்பி ஹாஸ்டலில் தங்கினான், ஐடிஐ படித்தான். அப்பா வாங்கியதை இப்போது மகன் ஒரு பொத்தானில் தவறு என்று சொல்ல வேண்டுமாம்.

"இது எங்க சிஸ்டத்துக்கு மட்டும்தான் மேடம், வெளிய எங்கயும் போவாது" என்றாள் அந்தப் பெண். என் கடையில் நான் குக்கர் கேஸ்கட் போய்விட்டது என்று வாயால் சொன்னால், அன்று சாயங்காலம் என் போனில் குக்கர் விளம்பரம் வருகிறது. வெளியே எங்கேயும் போகாதாம். நாளைக்கு அவன் பிள்ளைக்குச் சர்டிபிகேட் கேட்டுப் போகும்போது, உங்கள் அப்பாவே தான் மலையாளி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று ஒருவன் திரையைத் திருப்பிக் காட்டமாட்டான் என்று என்ன நிச்சயம்? நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் மலை ஏறுகிற வரைக்கும் எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கும் அதே அறிவிப்பு ஆப்பில் வந்திருந்தது.

"அதுல கை வெக்காதடா" என்றேன். "நாம இல்லன்னு நாமளே சொல்லிட்டா, நாளைக்கு எவனும் நம்பள நம்ப மாட்டான். அப்பா இன்னா பாடு பட்டாருன்னு உனக்குத் தெரியாது, நீ அப்ப பொறக்கவே இல்ல. நான் வேற எங்கனா போய்ப் பாக்கறேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போறேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

"அக்கா, நீ அங்க இட்லி ஊத்திகினு பேசற. காலைல போய் அந்தத் தொட்டில கை வெக்கறவன் நானு."

"அதுக்காக?"

"பேர நீ பத்திரமா வெச்சிக்கோக்கா. எனக்குக் கை வேணும்."

நான் அவனைத் திட்டினேன். சோற்றுக்காகப் பேரை விற்கிறவன் என்றேன். அப்பா மூஞ்சியில் கரியைப் பூசுகிறாய் என்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வைத்தான். அப்புறம் ஆள் இல்லாத கடையில் நான் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டேன். என் கோபம் அவன் மேல் இல்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை, அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அவன் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டான். மாற்றவே முடியாது, முடியாது என்று சாதித்த சிஸ்டம், நான் மலையாளி இல்லை என்று அவன் சொன்ன மாத்திரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு மாறியது. மறுநாளே சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் அவனை உட்கார வைத்தார்கள். அதே சூப்பர்வைசர் தோளில் தட்டி, "வாங்க தம்பி, இப்பதான் சரியாச்சு" என்றாராம். பரீட்சையில் முழு மார்க். இப்போது அவன் பூதக்கண்ணாடியில் கேமராக் கண்ணாடிகளைப் பார்த்துக் கீறல் இருப்பதை ஒதுக்குகிற வேலையில் இருக்கிறான். கை ஆறிவிட்டது. ரெண்டு விரலில் மட்டும் தோல் வெளுத்து, மழமழவென்று, வேறு யாருடைய விரலோ மாதிரி இருக்கிறது. நாங்கள் பேசிக்கொள்கிறோம், அந்தப் பொத்தானைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆப்புக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நிதானமாகக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன மாதம் அதே தொழிற்சாலைக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள், இந்த முறை பெண்களும் வரலாம் என்று. உள்ளே ஒரு ஊரிலிருந்து பிளஸ் டூ முடித்த ஒரு பெண் தன் அம்மாவோடு என் கடைக்கு வந்தாள். புளிக் காலம். கொட்டை எடுத்து எடுத்து அவள் விரல் நுனியெல்லாம் கருத்திருந்தது. போனைச் சொருகிவிட்டு, என் தம்பி உட்கார்ந்த அதே பக்கமாக உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தாள். நான் பூரிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக் கொடுக்கக் கூடாது, இது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இதுல இன்னா போட்றது? எந்தச் சமூகம்னு கேக்குது."

அம்மாக்காரி குறுக்கே, "இன்னாடி கேள்வி? மலையாளின்னு போடு. சர்டிபிகேட்டு கீது இல்ல" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

எனக்கு எத்தனை பேரிடம் எவ்வளவு கத்தத் தெரியும் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அன்று எனக்குக் குரலே எழும்பவில்லை. நான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியைக் கீழே தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோனேன்.

"கடைசில மற்றவைன்னு ஒண்ணு கீது பாரு. அத்த அமுக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நாம மலையாளிதானக்கா?"

"மலையாளிதான். நீ இத்த அமுக்கு."

அவள் அழுத்தினாள். போன் ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனது.